புதுக் கருவி வரும்போது: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரச் சுகாதார நிலையங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் போனால், சின்ன வெர்னியர் காலிப்பரில்கூட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடைசியாக என்றைக்குச் சரிபார்த்தார்கள், அடுத்து என்றைக்குச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். தேதி தாண்டிய கருவியால் அளந்த பாகத்தை லைனில் ஏற்ற விடமாட்டார்கள். அந்தப் பாகத்தைச் செய்கிற தொழிலாளிக்குப் பிபி பார்க்கும் கருவியைத் திருப்பிப் பாருங்கள். அதில் அப்படி ஒரு ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்காது.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்த வட்டாரத்துக்கு மருத்துவக் கருவிகள் மூன்று வழியாக வருகின்றன. அரசு கொடுப்பது ஒன்று. கம்பெனிகள் சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கித் தருவது இன்னொன்று. 'சும்மா வைத்துப் பாருங்கள் சார்' என்று விற்பனைப் பிரதிநிதி விட்டுப்போவது மூன்றாவது. இந்த மூன்றாவது வழி இனி அகலமாகும். மருத்துவக் கருவிப் பூங்காக்கள் அமைக்க 2021-ல் மத்திய அரசு நான்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டுக்கான பூங்கா ஒரகடத்தில்தான், 350 ஏக்கரில் திட்டமிடப்பட்டது. கருவி செய்பவரும் கருவி வைக்கப்படும் ஆரம்ப சுகாதார நிலையமும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆகப்போகிறார்கள்.

வட்டார மருத்துவ அலுவலர்கள், செவிலியர்கள், தொழிற்சாலை மருத்துவர்கள், சி.எஸ்.ஆர். பொறுப்பில் இருப்பவர்கள், ஊராட்சி மன்றத் தலைவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

*செய்ய வேண்டியவை*

நோயில் தொடங்குங்கள், கருவி பிறகு வரட்டும். தமிழ்நாட்டில் 2020-ல் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர். சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு, கட்டுக்குள் இருந்தது அதில் 10.8 சதவீதம் பேருக்கு. இந்த எண்களைப் பார்த்த பிறகு இன்னும் துல்லியமான, இன்னும் விலை கூடிய பிபி கருவியைத் தேடிப் போவதில் பொருள் இல்லை. மாத்திரை மாதாமாதம் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த இடத்தில்தான் கை வைத்தது. சாதாரண டிஜிட்டல் பிபி கருவி, குளுக்கோமீட்டர், மாத்திரைப் பை ஆகியவற்றோடு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே போனார். அந்தத் திட்டத்தின் புதுமை, யார் எங்கே போய்ப் பார்க்கிறார் என்பதில் இருந்தது.

சோதனைக்கு அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதை வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். மார்பு எக்ஸ்ரேயைப் படித்துக் காசநோய்ச் சந்தேகத்தைச் சொல்லும் ஏஐ மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சலித்தெடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரேயோடு அதைத் தொழிலாளர் விடுதிக்குக் கொண்டுபோகலாம், நல்ல யோசனைதான். ஆனால் மென்பொருள் சந்தேகம் என்று சொன்ன ஆளிடம் சளி எடுக்க வேண்டும். அது அன்றைக்கே, நோயை உறுதிசெய்யும் ட்ரூநாட் கருவி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே சிப் இருப்பில் இருக்க வேண்டும். முடிவு வரும்போது அந்த ஆள் இரவு ஷிப்டில் இருப்பார், அல்லது காண்ட்ராக்ட் முடிந்து ஒடிசாவுக்கு ரயில் ஏறியிருப்பார். காசநோயாளிகளுக்கான நிக்‌ஷய் பதிவு எண் இருந்தால் அங்கே போயும் சிகிச்சையைத் தொடரலாம். அந்தப் பதிவை யார், எந்த நேரத்தில் போடுவார்? இந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், எக்ஸ்ரே எடுத்த கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிகிச்சை தொடங்கியவர் எண்ணிக்கை அசையாது.

வேறு யாராவது ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். செலவுக்கேற்ற பலன் உண்டா என்று பார்க்கவே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை 2017-ல் 'ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட் இன் இந்தியா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் பணியில் பங்கு வகிக்கிறது. பிரிட்டனில் நைஸ் 1999-லும், தாய்லாந்தில் ஹைடாப் 2007-லும் தொடங்கி இதே வேலையைச் செய்கின்றன. வட்டார அளவில் ஒரு மருத்துவர் தனியாக இத்தனையும் ஆராய முடியாது, தேவையும் இல்லை. இப்படிப்பட்ட அமைப்புகளின் முடிவு ஒரு பக்கச் சுருக்கமாகக் கிடைக்கும், அதைப் படித்தால் போதும்.

சேத்துப்பட்டுக்கு இந்த வேலை புதிதும் அல்ல. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்குச் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், அவரவர் வீட்டிலேயே மருந்து. வீட்டுச் சிகிச்சை ஈடாகவே பலன் தந்தது, நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. ஆய்வில் இருந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு. கேள்வி நேராக இருந்ததால் அது போதுமானதாக இருந்தது.

முழுச் செலவைக் கணக்குப் போடுங்கள். கருவி இலவசமாக வரும், ஸ்ட்ரிப்புக்கும் ரீஏஜென்ட்டுக்கும் ஆண்டாண்டாகப் பணம் போகும். அந்தக் கருவியில் வேறு கம்பெனி ஸ்ட்ரிப் போடலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, பழுது என்றால் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், மாற்றுக் கருவி தருவார்களா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

*செய்யக்கூடாதவை*

கம்பெனி தருகிறது என்பதற்காக வாங்கிக்கொள்ளாதீர்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மார்ச் மாதம் நெருங்கும்போது 'உடனே ஒரு மெஷின் தருகிறோம்' என்ற போன் வருவது அதனால்தான். மனம் நல்ல மனம்தான், நேரம்தான் தவறு. வறிய நாடுகளில் உள்ள மருத்துவக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பயிற்சி இல்லை, உதிரிபாகம் இல்லை, மின்சாரம் ஒத்துவரவில்லை என்பவையே பெரும்பாலும் காரணங்கள். கம்பெனிக்குச் சொல்லுங்கள்: 'மெஷின் வேண்டாம், மூன்று வருட லேப் டெக்னீசியன் சம்பளம் கொடுங்கள்.' அல்லது இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு நேரப் பிரிவு நடத்த உதவி கேளுங்கள். கல்வெட்டில் பொறிக்க அது பளிச்சென்று இருக்காது, ஆனால் பயன் அதில்தான் அதிகம்.

பதற்றத்தில் வாங்காதீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ரேபிட் ஆன்ட்டிபாடி கிட்கள் அவசர அவசரமாக இறக்குமதி ஆயின. தமிழ்நாட்டுக்கும் 24,000 கிட்கள் வந்திறங்கின. 5.4 சதவீதம்தான் சரியாக வருகிறது என்று ராஜஸ்தான் சொன்ன பிறகு, மாநிலங்கள் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்றது ஐ.சி.எம்.ஆர். நெருக்கடியில் வேகம் வேண்டும்தான். வந்து இறங்கிய முதல் பெட்டியைப் பிரித்து, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களின் ரத்தத்தில் சோதித்துப் பார்க்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்காகச் சலுகை காட்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தைப் பொறுத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. இன்று ஏ வகையின் சில எளிய கருவிகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உரிமம் தேவை. ஒரகடத்தில் செய்ததா, ஓசாகாவில் செய்ததா என்று பார்க்க வேண்டாம், உரிமத்தைக் கேளுங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது

*செய்ய வேண்டியவை*

எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே சோதியுங்கள். கண் பின்புறத்தைப் படமெடுத்து, சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று சொல்லும் கூகுள் மென்பொருளுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் பயன்பட்டன. 2016-ல் வந்த ஆய்வில் அது கண் மருத்துவர்களுக்கு ஈடாகச் சொன்னது. அதைத் தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்தபோது வேறு கதை ஆனது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறை போதிய இருட்டாக இல்லை, இணையம் மெதுவாக இருந்தது. தள்ளப்பட்ட படத்துக்காக, கண்ணில் ஒன்றும் இல்லாதவரையும் பெரிய மருத்துவமனைக்கு அலைய வைக்க வேண்டியிருந்தது. நம் துணை சுகாதார நிலையத்தின் ஜன்னலுக்குத் திரைச்சீலை இருக்கிறதா என்று பார்ப்பதும் தொழில்நுட்ப மதிப்பீடுதான்.

பிபி கேம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024-ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்த பிறகு தொழிற்சாலைக்குள்ளேயே பரிசோதனை நடக்கிறது, அது மிகவும் தேவையான ஏற்பாடு. ஆனால் டீ இடைவேளையில் வரிசை நிற்கும்போது என்ன ஆகிறது? லைனிலிருந்து வேகமாக நடந்து வருகிறவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறார். உட்கார்ந்ததும் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார், இவர் பேசிக்கொண்டே இருக்கிறார், கை தொங்கிக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் அளவை மேலே தள்ளும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருந்து, பேசாமல் இருக்கும்போது எடுப்பதுதான் பிபி. பட்டையின் அளவும் முக்கியம். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால், மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டும் என்று 2023-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நோயே இல்லாதவரை நோயாளியாக்க அந்த 19.5 போதும். அதனால் கருவியோடு மூன்று அளவுப் பட்டைகளும் ஆறு நாற்காலிகளும் கேளுங்கள். ஐந்து பேர் ஓய்வாக உட்கார்ந்திருக்க, ஆறாவது ஆளுக்கு அளக்கட்டும். கூடியிருந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள்.

நம் உடம்புக்கு ஏற்றதா என்று கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுப்பு நிற நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது, வெள்ளை நிறத்தவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் தெரிய வந்தது. நம்மிலும் கறுத்த தோல் உள்ளவர்களே நிறைய. காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை 2022-ல் தமிழ்நாடு தொடங்கியபோது, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழா என்பதை மட்டும் நம்பி நிற்கவில்லை. எடை உயர விகிதம், கால் வீக்கம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து, நிலை மோசமாக இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னது. ஒரு கருவியின் குறையை மற்றவை ஈடுகட்டும். எடை மிஷினும் கைக்கடிகாரமும் கொண்டு உயிர் காக்கும் இந்த முறையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

குளுக்கோமீட்டருக்கும் இதேதான். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கே கொண்டுபோகும் மீட்டர் இந்தப் பிழையைத் திருத்தும் வகையா என்று கேட்காமல் போகாதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மே மாத வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். விரலைத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பிஸ்கட் தின்ற விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் எண்ணாக வரும்.

*செய்யக்கூடாதவை*

விற்பவரின் ஆளே சோதனையை நடத்த விடாதீர்கள். அவர் கற்றுக்கொடுக்கட்டும், அளப்பது உங்கள் செவிலியராக இருக்கட்டும்.

சூப்பர்வைசரை அருகில் வைத்துக்கொண்டு தொழிலாளியிடம் சம்மதம் கேட்காதீர்கள். காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தோடு போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. ஆராய்ச்சி நிலையில் உள்ள கருவி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவர் மேலும் வைக்கக் கூடாது. படிவம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. இந்தி, ஒடியா, வங்காளி பேசுகிறவர்களுக்கு அவரவர் மொழியில் ஒருவர் சொல்ல வேண்டும்.

தனி ஆளின் முடிவை எச்.ஆர். கையில் கொடுக்காதீர்கள். இத்தனை பேருக்குப் பிபி, இத்தனை பேருக்குச் சர்க்கரை என்ற மொத்தக் கணக்கு நிர்வாகத்துக்குப் போதும். வேலைக்கு எடுக்க எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. காசநோய் என்று தெரிந்ததும் விடுதியைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பேச்சு ஒரு முறை பரவினால், அடுத்த கேம்புக்கு இருமுகிறவர் யாரும் வரமாட்டார்.

அன்றாட வேலைக்குள் கொண்டுவரும்போது

*செய்ய வேண்டியவை*

புதுசு எதை நிறுத்தப் போகிறது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணியைப் பதிவு செய்கிறார், பதிவேட்டிலும் எழுதுகிறார், இன்னும் சில செயலிகளிலும் ஏற்றுகிறார். அதன் மேல் இன்னொன்றைச் சுமத்தினால், கர்ப்பிணியின் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரம்தான் குறையும். எந்தப் பதிவேடு எந்தத் தேதியோடு நிற்கும் என்ற உத்தரவு, செயலி வரும் அன்றைக்கே வர வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து விடாதீர்கள், இருவருக்காவது கொடுங்கள். மாறுதல் உத்தரவு வரும் நாளில் இதன் அருமை தெரியும்.

கருவி சொல்வது, மருத்துவர் சொல்வது இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று எழுதி ஒட்டுங்கள்.

*செய்யக்கூடாதவை*

எத்தனை பேருக்குச் சோதனை செய்தோம் என்ற எண்ணை வெற்றியாகக் காட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்று கேளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் போகலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். அங்கே தொடங்கியது இங்கே தெரியாமல் போனால் இரண்டு இடத்துக் கணக்கும் பொய்யாகும்.

விலக்கும்போது

*செய்ய வேண்டியவை*

விலக்குவதற்கும் நாள் குறியுங்கள். ரத்தத்தில் ஆன்ட்டிபாடி பார்த்துக் காசநோயைச் சொல்லும் கிட்கள் நம் நாட்டுத் தனியார் லேப்களில் பல ஆண்டுகள் ஓடின. அவற்றை நம்ப முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது, 2012 ஜூனில் இந்திய அரசு தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி மூன்றையும் தடை செய்தது. அதுவரை, தமக்கு இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து தின்றவர்களும் உண்டு, நோய் இருந்தும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

*செய்யக்கூடாதவை*

தவறாகக் காட்டுகிறது என்று தெரிந்த கருவியைக் கழற்றி ஸ்டோரில் வைத்ததோடு நிறுத்தாதீர்கள். அது சொன்ன எண்ணை நம்பி யார் யாருக்கு மாத்திரை தொடங்கினீர்கள், யார் யாரை ஒன்றுமில்லை என்று அனுப்பினீர்கள் என்று பட்டியல் எடுங்கள். அவர்களைத் திரும்ப அழைத்து, சரியான கருவியில் பாருங்கள். சொந்த ஊருக்குப் போய்விட்டவர்களுக்குப் போன் செய்யுங்கள். எண் மாறியிருந்தால் விடுதி வார்டனிடமும் உடன் வேலை பார்த்தவரிடமும் கேட்டு வாங்குங்கள்.